எட்டாம் தேதி விருந்து

ஓன்னோ ஹார்பெர்ட்ஸ் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே அதன் அடுப்புக்காகத்தான். ஆக்ஸ்பர்க்கில் ஹோட்டலுக்கா பஞ்சம்? அங்கேயே வேலை பார்க்கும் மகள் இன்ஸா நல்ல ஹோட்டல்களாகப் பார்த்துப் பெயர்களை அனுப்பியிருந்தாள். ஆனால் ஹோட்டலில் தங்குகிறவன் சம்பந்தியை எங்கே உட்காரவைத்துச் சோறு போடுவான்? போட்டாலும் அது ஹோட்டல் சமையல்காரன் போட்டதாகத்தானே இருக்கும்? ஆகவே, கால்வாய்த் தண்ணீர் சுவரை உரசிக்கொண்டு ஓடும் பழைய தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில், சமையலறையோடு கூடிய ஒரு வீட்டைச் சில நாட்களுக்குப் பேசி முடித்தார். படங்களில் அவர் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளை எண்ணினார். ஆறு இருந்தன. அவர், மனைவி ஃபென்னா, இன்ஸா, அவளுக்கு நிச்சயமான மாக்னுஸ், மாக்னுஸைப் பெற்ற உல்ரிக் சைட்ஸ், ஆஃப்ரா. சரியாக இருந்தது.

இந்த விருந்துக்குக் காரணம் போன கிறிஸ்துமஸ்.

அன்றைக்குத்தான் சைட்ஸ் தம்பதி முதல்முதலாக வடகோடியில், கடலோரத்தில் இருக்கும் ஹார்பெர்ட்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள். வாத்து அடுப்புக்குள் போயிற்று. சற்று நேரத்தில் அடுப்பு உயிரை விட்டது. வெளியே எடுத்தபோது வாத்து மேலே வெதுவெதுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் பண்டிகை நாள். கடைசியில் படகுத்துறையில் ஒரு தள்ளுவண்டிக்காரன் முன்னால் எல்லோரும் குளிரில் நின்று, காகிதத்தில் சுற்றிய மீன் ரொட்டியைத் தின்ன வேண்டியதாயிற்று.

ஹார்பெர்ட்ஸ் குடும்பம் ஆறு தலைமுறையாகக் கடல் அணையைக் காத்து நின்ற குடும்பம். ஓன்னோவே நெடுங்காலம் அணைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். வெள்ளம் வந்த வருஷங்களில்கூட அந்த வாசலில் ஏறியவர் வயிறு வாடி இறங்கியதில்லை. பெண் கேட்டு வந்தவர்களே அப்படி இறங்கிப் போனார்கள் என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது? அன்று மாலை முழுக்க ஓன்னோ ஒரு வார்த்தை பேசவில்லை. விடைபெறும்போது கை குலுக்கினார், அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை அவங்க என் மேசையிலேர்ந்து பசியோட எழுந்திரிச்சாங்கன்னா, கல்யாணத்தன்னிக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்று ஃபென்னாவிடம் கேட்டார்.

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான்" என்றாள் ஃபென்னா.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை மதியம் என்று அவரே நாளைக் குறித்து, அவரே கைப்பட அழைப்பு எழுதினார். ஆஃப்ராவிடமிருந்து உடனே பதில் வந்தது: 'அந்த நாளைப் பார்த்து அழைத்திருக்கிறீர்களே, எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! எல்லோரும் வருகிறோம்.' தெற்கத்திக்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று ஓன்னோ நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மாலை ஓன்னோவும் ஃபென்னாவும் ஆக்ஸ்பர்க்கில் ரயிலை விட்டு இறங்கி அந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டு ஏறும்போதே ஃபென்னா சொன்னாள்:

"கடை இன்னும் திறந்திருக்கு. இப்பவே போய் பீன்ஸும் பேரிக்காயும் வாங்கிட்டு வந்துட்டா நிம்மதியாத் தூங்கலாம்ல?"

"ராத்திரி பூரா வாடின பீன்ஸையா சம்பந்திக்குப் போடறது? காலையில சந்தைக்குப் போறேன். பறிச்ச ஈரம் காயாம வாங்கிட்டு வரேன்."

"யாரு சம்பந்தின்னு பீன்ஸுக்குத் தெரியுமாக்கும்."

"எனக்குத் தெரியும்."

பீன்ஸும் சின்னப் பேரிக்காயும் புகையில் வாட்டிய பன்றிக்கறியும் ஒன்றாக வேகவைப்பது அவர்கள் பக்கத்து ஆகஸ்ட் மாதச் சாப்பாடு. ஓன்னோவின் அப்பா தன் கல்யாணத்துக்குப் போட்டதும் அதுதான். பன்றிக்கறியை அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். தெற்கத்திக் கசாப்புக்காரனுடைய புகை மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மெழுகுத்தாளில் சுற்றிய அந்தப் பெரிய துண்டு, சட்டைகளுக்கு நடுவில் வைத்து வந்ததால், பெட்டியைத் திறந்ததும் அறையெல்லாம் மணத்தது.

"விருந்துக்குப் போடற சட்டையும் இதுலதான் இருந்துதா?" என்று ஃபென்னா முகர்ந்து பார்த்தாள்.

"இருந்தா என்ன? நல்ல வாசனைதானே."

காலையில் ஓன்னோ கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று எண்ணி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரும் வரவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெரிய கடை, அதுவும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. தேவாலயத்தில் மணி அடித்தது. யாரோ பெரிய மனிதர் இறந்துபோயிருப்பார் என்று நினைத்தார். பெரிய மனிதர் இறந்தால் கடை அடைப்பது சரிதான். ஆனால் ஊர் முழுக்கவா?

வழியில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல உடையும் அவசரமில்லாத நடையுமாக. ஒருவரை நிறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் அணைச் சங்கத் தலைவராக இருந்தவர். அவரிடம்தான் மற்றவர்கள் கேட்டுப் பழக்கம். வெறுங்கூடையோடு ஊர் பேர் தெரியாதவனிடம் போய் 'இன்றைக்கு என்ன கிழமை' என்று கேட்பதா? கேட்காமலே நடந்தார். மேட்டில் ஏறினார், பள்ளத்தில் இறங்கினார். சதுக்கத்தைக் கடந்தபோது ஆட்கள் நீளநீளமாக மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ பாட்டுக் கச்சேரி போலிருக்கிறது என்று தாண்டிப் போனார். இப்படி அவர் திரும்பி வந்தபோது பாதிக் காலை கரைந்திருந்தது.

வீட்டுக்காரி வால்புர்கா கீழ்த் தளத்தில் குடியிருந்தாள். வாசலில் நின்று பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் அவரைக் கண்டதும், பெயருக்கு முன்னால் மரியாதையாக 'ஹெர்' போட்டுக் கேட்டாள்:

"என்ன ஹெர் ஹார்பெர்ட்ஸ், கூடையோட நகர்வலமா?"

"உங்க ஊர்ல வியாழக்கிழமையானா யாரும் யாவாரம் பண்றதில்லையா?"

"இன்னிக்கு எட்டாம் தேதி ஆச்சே!"

"எட்டாம் தேதின்னா?"

வால்புர்கா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "சமாதானத் திருநாளுங்க. இன்னிக்கு லீவு."

"பவேரியாவுக்கா?"

"இல்ல."

"ஜெர்மனிக்கா?"

"இல்லவே இல்ல. எங்க ஊருக்கு மட்டும். ஊர் எல்லைப் பலகை இருக்கு பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் எல்லாக் கடையும் திறந்திருக்கும். இந்தப் பக்கம் பூட்டு. ஜெர்மனியிலயே எங்களுக்குத்தான் இப்படி." சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. "நீங்க தெரிஞ்சு வச்சிக்கிட்டுத்தான் வந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!"

ஒரே ஒரு ஊருக்கென்று தனியாக ஒரு விடுமுறை. அறுபத்தொன்பது வயதுக்கு இப்படியொன்றை ஓன்னோ கேள்விப்பட்டதில்லை. அவர் நாள் குறித்த காலண்டர் அவருடைய ஊர் மருந்துக்கடை கொடுத்தது. அதில் எட்டாம் தேதி வெறும் எட்டாம் தேதியாகத்தான் இருந்தது.

"எல்லைக்கு அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரம்?"

"ட்ராம் இன்னிக்கு லீவு நாள் கணக்குலதான் ஓடும். போய், வாங்கி, வந்து, அப்புறம் சமைக்கணும். விருந்தாளிங்க எப்ப வராங்க?"

"பன்னெண்டுக்கு."

"அப்ப முடியாது" என்றாள் வால்புர்கா, இரக்கத்தோடு. "ரயில் நிலையத்துல ஒரு கடை இருக்கும். சாண்ட்விச், வாழைப்பழம்..."

"சம்பந்திக்கு ரயில் நிலையத்து சாண்ட்விச்சா?"

அவர் கேட்ட தோரணையில் வால்புர்கா இன்னும் என்னவோ சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள். ஓன்னோ அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார்.

ஃபென்னா வெறுங்கூடையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரி. நல்லா சிரி. ரெண்டாவது தடவையா அவங்களைப் பட்டினி போடப் போறோம். அதுவும் அவங்க ஊருக்கே வந்து."

"இன்ஸாவுக்கு ஒரு போன் போடு. அவ வீட்ல ஏதாவது இருக்கும்."

"கூடாது! அவ மாக்னுஸ்கிட்ட சொல்லுவா, மாக்னுஸ் அம்மாகிட்ட சொல்லுவான். நாம கூப்பிட்ட விருந்துக்கு அவங்க வீட்டுச் சாமானா?"

"அப்ப என்னதான் பண்ணலாம்கிற?"

ஃபென்னா எழுந்து அலமாரிகளைத் திறந்தாள். வாடகை வீடு என்றால், முன்பு தங்கிப் போனவர்கள் தீர்க்காமல் விட்டுப்போனவை பின்னால் வருகிறவர்களுக்கு என்பது எங்கும் உள்ள வழக்கம். உப்பு இருந்தது. எண்ணெய் இருந்தது. வெங்காயம் சில முளைவிட்டிருந்தாலும் கெட்டியாக இருந்தன. அப்புறம் பாஸ்தா, பாக்கெட் பாக்கெட்டாக. நீளமாக, சுருளாக, குழலாக, சிப்பி சிப்பியாக.

"யாரோ விட்டுட்டுப் போன மிச்சத்தையா?"

"பாக்கெட்டே பிரிக்கலய்யா. மிச்சமில்ல இது. பன்றிக்கறி நம்மளது, கை நம்மளது. நீ மேசையைப் போடு."

பன்றிக்கறி துண்டு துண்டாகச் சட்டியில் விழுந்து உருகத் தொடங்கியது. ஓன்னோ ஆறு தட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டு ஒரு ஜோடி, மற்ற நான்கும் நான்கு வகை. ஜோடித் தட்டுகளைச் சம்பந்திகளுக்கென்று ஜன்னல் பக்கம் வைத்தார். கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியில் தெரிந்தவர், வெள்ளம் வரும் என்று தெரிந்தும் அணை மேல் நிற்கிற ஆளைப்போல் இருந்தார்.

"நாலு வகைக்கும் வேகற நேரம் வேற வேற" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "சிப்பி குழைஞ்சிருச்சு. குழல் இன்னும் பல்லை உடைக்கும்."

ஓன்னோ கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு அடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தார். முதலில் உல்ரிக் சைட்ஸ்; பெரிய உடம்பு, சிவந்த முகம், தோளில் ஒரு பை, கையில் மூடிய பெரிய கிண்ணம். பின்னால் ஆஃப்ரா, அகலமான ஒரு தகரத் தட்டைத் துணி போட்டு மூடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் மாக்னுஸ் பாட்டில்களோடு, இன்ஸா ரொட்டிக் கூடையோடு.

ஓன்னோ ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்! போன தடவை பட்டது போதும் என்று, இந்தத் தடவை ஹார்பெர்ட்ஸ் வீட்டு அடுப்பை நம்பாமல் கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். இதைவிட முகத்துக்கு நேராக எப்படிச் சொல்ல முடியும்? சொல்ல உரிமையும் இருக்கிறதே அவர்களுக்கு! அவர் முதுகு இன்னும் விறைத்தது.

"ரெடியா?" என்றாள் ஆஃப்ரா, மூச்சு வாங்கியபடி. "சீக்கிரம் கிளம்பினாத்தான் நிழல்ல இடம் கிடைக்கும். இல்லாட்டி வெயில்ல உக்காந்து காயணும்."

"எங்க கிளம்பறது?"

"எங்கயா? சதுக்கத்துக்குத்தான்!" என்று உல்ரிக் சிரித்தார். "மூக்கைத் துளைக்குதே... உள்ள என்ன சமைக்கிறீங்க? நீங்க என்ன கொண்டு வருவீங்கன்னு வழி பூரா இவகிட்ட பந்தயம் கட்டிக்கிட்டு வந்தேன்."

ஓன்னோ மகளைப் பார்த்தார். இன்ஸா அருகில் வந்து அவர் கழுத்துப் பட்டையைச் சரி செய்தாள்.

"அப்பா, நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல பாருங்க. எட்டாம் தேதின்னு நீங்க எழுதினதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. இந்த ஊரே இன்னிக்கு ஒரே மேசையில உக்காந்து, அவங்கவங்க கொண்டு வந்ததைப் பகிர்ந்து சாப்பிடும். அதைத் தெரிஞ்சு, அந்த நாளாப் பாத்துக் கூப்பிட்டிருக்கீங்களே. எங்கப்பா இதெல்லாம் யோசிப்பாருன்னு நான் நெனச்சே பாக்கல."

மகள் தன்னை இந்தப் பார்வை பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று ஓன்னோவுக்குத் தெரியவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து ஃபென்னா குரல் கொடுத்தாள்:

"இதோ பாத்திரத்தை மூடிட்டேன்! ஓன்னோ, வந்து ஒரு பக்கம் பிடி!"

பாத்திரம் கனமாக இருந்தது. உல்ரிக் தன் கிண்ணத்தை மாக்னுஸிடம் தள்ளிவிட்டு மறு கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். சம்பந்திகள் இருவரும் பாத்திரத்தை நடுவில் தொங்கவிட்டபடி தெருவில் இறங்கி மேட்டில் ஏறினார்கள். ஓன்னோ நீண்ட கால்களால் நடந்தார், உல்ரிக் குட்டைக் கால்களால் ஓடினார். பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மெதுவா, ஹெர் ஹார்பெர்ட்ஸ்! வெள்ளமா துரத்துது?"

ஓன்னோ நடையைக் குறைத்தார். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தார். இவர்கள் அவமானப்படுத்த வரவில்லை. யாரும் பட்டினி கிடக்கப் போவதுமில்லை.

சதுக்கத்தில் மேசைகள் நிறைந்திருந்தன. நகர மன்றக் கட்டடத்தின் நிழல் விழுந்த பக்கம் ஆறு பேருக்கு இடம் பிடித்துவிட்டாள் ஆஃப்ரா. எப்படிப் பிடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. தகரத் தட்டின் துணியை விலக்கினாள். மாவின் மேல் பிளம் பழத் துண்டுகள் வரிசை வரிசையாக அடுக்கி அடுப்பில் சுட்ட டாட்ஷி. ஆகஸ்டில் இந்த ஊரில் டாட்ஷி இல்லாத வீடு இல்லை. துணி விலகிய மறுகணம் குளவிகள் வந்துவிட்டன. உல்ரிக்கின் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தலையில் முக்காடிட்ட ஒரு பெண்மணி திராட்சை இலையில் சுருட்டிய சோற்றை எல்லோர் தட்டிலும் வைத்துக்கொண்டே வந்தாள். ஃபென்னா பாத்திரத்தைத் திறந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"பன்றிக்கறியா?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கு வேண்டாம். என் பங்கையும் இவருக்கே போடுங்க" என்று உல்ரிக்கைக் காட்டினாள். "அவரு கண்ணு பாத்திரத்தை விட்டு நகரவே இல்ல."

உல்ரிக் மறுக்கவில்லை. முதல் தட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

"இது என்ன வகை பாஸ்தா?" என்றார், வாய் நிறைய. "ஒரு வாய்க்கு வழுக்குது, ஒரு வாய்க்குக் கடிபடுது."

"எங்க பக்கத்து வகை" என்றாள் ஃபென்னா, இமைக்காமல்.

"புகை! இந்தக் கறியில புகை இருக்கு பாரு ஆஃப்ரா! நம்ம ஊர்க்காரனுக்கு இது வருமா?"

ஓன்னோ தலையை லேசாக அசைத்தார். நேர்மையான தீர்ப்பு என்று அவருக்குப் பட்டது.

பிறகு உல்ரிக் வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையோடு எழுந்தார். ஓன்னோ இதை எதிர்பார்க்கவில்லை.

"நான் பேச்சாளி இல்ல" என்று ஆரம்பித்தார் உல்ரிக். "ஆனா இதைச் சொல்லணும். மதச்சண்டை ஓய்ஞ்சு தங்களுக்கும் சம உரிமை கிடைச்சதுக்காக, ஆதியில புராட்டஸ்டண்டுகாரங்க கொண்டாடின திருநாள் இது. நாங்க கத்தோலிக்கர். எங்க தாத்தா காலத்துல, இன்னிக்குன்னு பாத்து வேணும்னே துணி துவைச்சு அவங்க ஜன்னலுக்கு எதிர்ல காயப் போடுவாங்களாம். புனித வெள்ளி அவங்களுக்கு ரொம்பப் பெரிய நாளு, அன்னிக்கும் வம்புக்குன்னே வேற என்னென்னமோ பண்ணுவாங்களாம். இப்ப எங்க பையன் புராட்டஸ்டண்டு வீட்டுப் பொண்ணைக் கட்டப் போறான். எங்க சொந்தத்துல ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க, மறைக்கல. அப்பத்தான் உங்க அழைப்பு வந்துது. எட்டாம் தேதின்னு. அதை அவங்க கையிலயே கொடுத்தேன். 'பாருங்க, கடலோரத்து மனுஷன் நம்ம திருநாளைத் தெரிஞ்சு வச்சிக்கிட்டு, அந்த நாள்ல நம்மளைச் சாப்பிடக் கூப்பிடறாரு, இவரு மனசு எப்பேர்ப்பட்டதா இருக்கும்'னேன். வாயை மூடிட்டாங்க. ஹெர் ஹார்பெர்ட்ஸ், உங்களுக்கு என் வணக்கம்."

கோப்பைகள் எழுந்தன. முன்பின் தெரியாதவர்கள்கூடத் தங்கள் கோப்பையை ஓன்னோவின் பக்கம் நீட்டினார்கள். இன்ஸாவின் கண் பளபளத்தது. மேசைக்கடியில் ஃபென்னாவின் கால் ஓன்னோவின் காலை அழுத்தியது. பேசாமல் இரு என்று அர்த்தம்.

பேசாமல் இருந்துவிடலாம்தான். வால்புர்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் வந்து சொல்லப் போவதில்லை. கிறிஸ்துமஸின் அவமானம் ஒரே நாளில் கழுவப்பட்டு, அதற்கு மேல் மாலையும் விழுந்திருக்கிறது. ஆனால் ஹார்பெர்ட்ஸ் குடும்பத்தார் தங்களுக்குரிய மரியாதையை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தங்களுக்குரியதல்லாத மரியாதையைக் கை நீட்டி வாங்கியதும் இல்லை. ஓன்னோ எழுந்து நின்றார். கோப்பையைத் தொடவில்லை.

"ஹெர் சைட்ஸ், கொஞ்சம் உக்காருங்க. உங்க திருநாளைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

உல்ரிக் உட்கார்ந்தார்.

"எங்க ஊர் காலண்டர்ல இன்னிக்கு வெறும் வியாழக்கிழமை. அதைப் பாத்துத்தான் கூப்பிட்டேன். உங்களுக்குப் பீன்ஸும் பேரிக்காயும் சமைச்சுப் போடறதா இருந்தேன். காலையிலேர்ந்து கூடையைத் தூக்கிக்கிட்டு உங்க ஊர் பூரா அலைஞ்சேன், ஒரு கடையும் இல்ல. இந்த பாஸ்தா யாரோ அந்த வீட்ல விட்டுட்டுப் போனது. பன்றிக்கறி மட்டும்தான் என்னுது. போன தடவை உங்களைப் பசியோட அனுப்பினேன். இந்தத் தடவையும் அனுப்பப் போறேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன அந்தப் பெரிய மனசு என்கிட்ட இல்ல. உங்க சொந்தக்காரங்ககிட்டயும் அப்படியே சொல்லிடுங்க."

இன்ஸா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஃப்ரா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே ஓன்னோ நினைத்தார். கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பீன்ஸ்!" என்றாள். "கூடையோட! எட்டாம் தேதி!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, ஹெர் ஹார்பெர்ட்ஸ்... இந்த மனுஷனுக்காக நான் எத்தனை மாசமா வெந்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்ல இவரு என்ன சொன்னாரு? வாத்தைப் பாத்துட்டு, 'எங்க ஊர்ல இதுக்கு உருளைக்கிழங்கு உருண்டை வைப்போம்'னாரு. அதுக்கப்புறம் நீங்க வாயே திறக்கல. கிளம்பற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. ரயில்ல ஏறினதுலேர்ந்து இவரைத் திட்டறேன். 'அவ்வளவு பெரிய மனுஷன் வீட்ல போய் உருண்டை கேட்டியே, அவமானப்படுத்திட்டியே'ன்னு. அப்புறம் அழைப்பு வந்துது, அதுவும் சமாதானத் திருநாளுக்கு! மன்னிச்சிட்டாருன்னு நெனச்சோம். அதாங்க இவருக்கு இன்னிக்குப் பேச்சு இப்படிப் பொங்குது."

"உருண்டையா?" என்றார் ஓன்னோ. "அப்படி ஒண்ணு என் காதுலயே விழலயே."

"விழலயா!" உல்ரிக் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? காதுலயே விழலயாம்! நீ என்னை..."

"வெட்கத்துல பேசாம இருந்தேன்" என்றார் ஓன்னோ. "வந்தவங்களை வண்டிக்காரன்கிட்ட நிக்க வச்சு, பசியோட அனுப்பிட்டோமேன்னு."

"பசியா?" உல்ரிக் இப்போது உண்மையாகவே திகைத்தார். "யாரு பசியோட போனது? நான் நாலு மீன் ரொட்டி தின்னேன். அப்படி ஒண்ணை என் ஜென்மத்துல தின்னதில்ல. ஆபீஸ்ல இன்னும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். மறுபடி எப்ப கூப்பிடுவாங்கன்னு இவளைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அஞ்சு" என்றான் மாக்னுஸ், முதன்முறையாக வாய் திறந்து. "அப்பா அஞ்சு தின்னாரு. ஒண்ணு வண்டிக்குப் பின்னால போய் நின்னு."

ஃபென்னாதான் முதலில் சிரித்தாள். பிறகு இன்ஸா சிரித்தாள்; தட்டிலிருந்து முகத்தை எடுத்து அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை மாறவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது போலவே ஓன்னோவுக்குப் பட்டது. திராட்சை இலைப் பெண்மணி என்ன நடந்தது என்று ஃபென்னாவைக் கேட்டு, அதைத் தன் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல, அந்த மேசையின் கடைசி வரை சிரிப்பு போய்த் திரும்பி வந்தது. 'பீன்ஸ்' என்ற சொல் மட்டும் அங்கங்கே கேட்டது. இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை ஓன்னோ அதுவரை அனுபவித்ததில்லை. முதுகை நேராகத்தான் வைத்திருந்தார். ஆனாலும் வாயோரம் அவர் சொல் பேச்சைக் கேட்கவில்லை.

"சொந்தக்காரங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?" என்றார் உல்ரிக்.

"நடந்ததைச் சொல்லு" என்றாள் ஆஃப்ரா. "தெரிஞ்சு கூப்பிடறவன் பத்துப் பேர் இருப்பான். வாங்கின கும்பிடை எல்லார் எதிர்லயும் திருப்பிக் கொடுக்கறவன் எங்க இருக்கான்? முணுமுணுக்கறவங்க இதைக் கேக்கட்டும்." பிறகு ஓன்னோவின் பக்கம் திரும்பி, "நீ ஏன்யா இன்னும் நிக்கற? உக்காரு, உக்காந்து சாப்பிடு!" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சிக்குங்க, ஹெர் ஹார்பெர்ட்ஸ், வாய் தவறி..."

வயதில் மூத்தவர் அவர்தான். 'ஹெர்' போடுவதை விட்டு 'நீ' என்று பழகும் அந்த வாசலை, அவர்கள் வழக்கப்படி, முதலில் திறக்க வேண்டியவரும் அவர்தான்.

"ஓன்னோ" என்றார் அவர். "அப்படியே இருக்கட்டும், ஆஃப்ரா."

உல்ரிக் மேசை மேல் எட்டி அவர் கையைப் பிடித்து, தோளே கழன்றுவிடும்படிக் குலுக்கினார்.

ஓன்னோ உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு வாய்த் தேநீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன் பாத்திரத்துக்குள் பார்த்தார். அடியில் எண்ணெய்ப் பளபளப்பைத் தவிர ஒன்றுமில்லை. யாரோ ரொட்டியால் துடைத்துக்கூட எடுத்திருந்தார்கள். ஆஃப்ரா குளவியை விரட்டிவிட்டு டாட்ஷியில் ஒரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். மாவு மெத்தென்றிருந்தது, பழத்தின் புளிப்பு நாக்கைச் சுண்டியது. அவர் வேகமாகத் தின்றார். துணுக்கு மிச்சமில்லாமல் தின்றார்.

அடுத்தவர் வீட்டுப் பலகாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குவது ஹார்பெர்ட்ஸ் குடும்பத்தில் இல்லாத பழக்கம். அவருடைய அப்பா கேட்டதில்லை, தாத்தா கேட்டதில்லை.

ஓன்னோ தட்டை நீட்டினார்.

"ஆஃப்ரா, இன்னொரு துண்டு வை. அந்த ஓரத்துலேர்ந்து, கொஞ்சம் பெருசா."